பரீட்சை பீசை ஏத்துறது யாரு? சிண்டிகேட்டில் இருக்கும் பேராசிரியர்கள் கையில் என்ன இருக்கு?

தோவாளை:

விடியக்காலையில் பூ மார்க்கெட்டில் வேலைக்கு இறங்கி, பொழுது ஏறிய பிறகு வீட்டில் உட்கார்ந்து மாலை கட்டி, பிள்ளையைக் காலேஜில் படிக்க வைக்கும் குடும்பங்கள் தோவாளையில் ஏராளம். செமஸ்டர் வந்துவிட்டால் போதும். பரீட்சை பீஸ், அரியர் பேப்பருக்குத் தனி பீஸ், மறுமதிப்பீட்டுக்குத் தனி பீஸ் என்று செலவு வரிசையாக வந்து நிற்கும்.

இந்த பீசை முடிவு செய்வது யாரு என்று கேட்டால், 'யூனிவர்சிட்டி' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அதுக்கு மேல் பிள்ளைக்கும் தெரியாது, பெத்தவங்களுக்கும் தெரியாது.

உண்மையில் அது ஒரு அறைக்குள் சில பேர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. அந்த அறையில் கல்லூரி வாத்தியார்களுக்கும் நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து அவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அறைக்குள்ளே யாரு?

குமரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தோவாளைக்குப் பக்கத்தில் ஆரல்வாய்மொழியில் இருக்கும் அறிஞர் அண்ணா கல்லூரியும் அதில் ஒன்று. தன்னாட்சி வாங்கிய கல்லூரிகள் பரீட்சையைத் தாங்களே நடத்திக்கொள்ளும். மற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் முதல் டிகிரி சர்டிபிகேட் வரை எல்லாமே நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டியில்தான்.

1990-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப்படி அதிகாரம் மூன்று இடங்களில் இருக்கிறது. செனட் என்பது பெரிய சபை. பட்ஜெட், ஆண்டறிக்கை எல்லாம் அங்கே வரும். பாடம், பரீட்சை விவகாரத்தைப் பார்ப்பது கல்வி நிலைக்குழு. பணம், வேலை நியமனம், கட்டணம், புதுக் கல்லூரிக்கு அனுமதி என்று நிர்வாகத்தின் சாவி இருப்பது சிண்டிகேட்டில்.

சிண்டிகேட்டுக்குத் துணைவேந்தர் தலைவர். உயர்கல்வித்துறை செயலாளர் முதலான அரசு அதிகாரிகள் பதவி வழியிலேயே உள்ளே வந்துவிடுவார்கள். வேந்தர் என்ற முறையில் ஆளுநர் நியமிப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவில்தான் பேராசிரியர்களும் கல்லூரி முதல்வர்களும். தேர்ந்தெடுக்கப்பட்டு வருபவர்களுக்குப் பதவிக்காலம் 3 ஆண்டு.

எண்ணிப் பார்த்தால் வாத்தியார்கள் சிறுபான்மைதான். ஓட்டெடுப்பு என்று வந்தால் தோற்றுப்போவார்கள். ஆனால் அந்த அறையில் வகுப்பறையைத் தினமும் பார்க்கிற ஆட்கள் அவர்கள்தான். எந்தப் பிள்ளை பீஸ் கட்ட முடியாமல் பரீட்சையை விட்டது என்பது சென்னைக் கோட்டையில் இருக்கிற செயலாளருக்கு எப்படித் தெரியும்? வாத்தியாருக்குத் தெரியும்.

ஓட்டு ஒருத்தருக்கு, பீஸ் இன்னொருத்தருக்கு

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கல்லூரி ஆசிரியர் பிரதிநிதிக்கு ஓட்டுப் போடுவது சக ஆசிரியர்கள். அவர்களுக்கு வேண்டியது பதவி உயர்வு, நிலுவைச் சம்பளம், பி.எச்டி. வழிகாட்டி அங்கீகாரம். இதெல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பீஸ் கட்டுகிற பூக்கட்டுபவர் பிள்ளைக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது.

அதனால் சொந்தக் கோரிக்கைக்கு மேஜையைத் தட்டிப் பேசும் உறுப்பினர், கட்டண உயர்வு அஜெண்டாவில் வரும்போது மேஜையைத் தட்டாவிட்டாலும் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே தெரியவும் தெரியாது.

மதுரை காமராஜர், மனோன்மணியம், அன்னை தெரசா, அழகப்பா ஆகிய நான்கு பல்கலைக்கழக ஆசிரியர்களின் சங்கமான மூட்டா, இந்தத் தேர்தல்களில் தெற்கே பலம் வாய்ந்தது. அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்களின் வேலைப் பாதுகாப்புக்காக நீண்ட காலம் போராடிய சங்கம் அது. மாணவர் பிரச்னைக்கும் குரல் கொடுத்திருக்கிறது. துணைவேந்தரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச உறுப்பினருக்குப் பின்னால் இப்படி ஒரு சங்கம் வேண்டும். தனி ஆளாகப் போனால் கதை வேறு.

சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் நிலைமை இன்னும் மோசம். நிர்வாகம் நினைத்தால் அடுத்த வருஷம் வேலை இல்லை. அவர் செனட்டுக்குப் போய்த் தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி வாய் திறப்பாரா? திறந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா?

மேற்கே நடந்த கூத்து

தோவாளையில் இருந்து கிழக்கே கணவாயைத் தாண்டிப் போனால் நெல்லை. மேற்கே போனால் திருவனந்தபுரம். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். ஓணத்துக்குப் பூ போகிற அந்த ஊரில் சிண்டிகேட் என்றால் டீக்கடை வரைக்கும் தெரியும்.

2025 ஜூன் மாதம் கேரள பல்கலைக்கழக மண்டபத்தில் ஆளுநர் கலந்துகொண்ட விழாவில் பாரதமாதா படம் வைத்ததில் தகராறு கிளம்பியது. அதை ஒட்டி ஜூலையில் துணைவேந்தர் பதிவாளரை சஸ்பெண்ட் செய்தார். சிண்டிகேட் உறுப்பினர்கள் கூடி அந்த சஸ்பெண்டை ரத்து செய்ததாக அறிவித்தார்கள். அந்த முடிவு செல்லாது என்றது துணைவேந்தர் தரப்பு. பல நாட்கள் ஒரே பரபரப்பு, மாணவர் போராட்டம், தேங்கிப்போன பைல்கள்.

அங்கே சிண்டிகேட்டுக்குப் பல் இருக்கிறது. ஆனால் அந்தப் பல் கட்சிக்காரர் வாயில் இருக்கிறது என்பது அங்குள்ள புகார். தமிழ்நாட்டில் சண்டையும் குறைவு, சத்தமும் குறைவு. அதனால் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இங்கேயும் ஒரு நாள் சத்தம் கேட்டது. 2025 ஆகஸ்ட் 13-ந்தேதி நெல்லை பட்டமளிப்பு விழாவில், நாகர்கோவிலைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஆளுநர் ஆர்.என்.ரவியிடம் பட்டம் வாங்காமல் துணைவேந்தரிடம் வாங்கிக்கொண்டு போனார். டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மேடையில் யார் யாருக்குப் பட்டம் கொடுத்தார் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. பீசை முடிவு செய்யும் கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்பது மட்டும் வெளியே வருவதில்லை.

ஊர் ஒன்று, கதவு இரண்டு

நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளுக்கு எஜமானர் மாறுவது புதுசு அல்ல. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு சென்னை. 1966-ல் மதுரை. 1990-ல் நெல்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், நெல்லை பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரனாரே திருவனந்தபுரத்தில் வாத்தியாராக இருந்தவர்தான்.

என்ஜினீயரிங் பிள்ளைகள் கதை இன்னும் சுற்று. தோவாளையிலேயே சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் 2001-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2007-ல் தி.மு.க. ஆட்சி அதைப் பிரித்து நெல்லையில் தனி அண்ணா பல்கலைக்கழகம் அமைத்தது. அ.தி.மு.க. ஆட்சி வந்ததும் மறுபடியும் சேர்க்கச் சட்டம் போட்டு, 2012-ல் எல்லாம் சென்னைக்கே போய்விட்டது. நெல்லையில் மிச்சம் இருப்பது மண்டல வளாகம். அங்கே டீன் உண்டு, பேராசிரியர்கள் உண்டு. முடிவு எடுக்கும் சிண்டிகேட் கிண்டியில்.

பிரிச்சதும் கோட்டையில், சேர்த்ததும் கோட்டையில். ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை பெயர்ப்பலகை மாறினால் சர்டிபிகேட்டில் ஊர்ப் பெயரும் மாறும். வேலைக்கு இன்டர்வியூ போகும் பிள்ளைதான் அதுக்கு விளக்கம் சொல்லணும்.

துணைவேந்தர் இல்லாவிட்டால்?

சமீப ஆண்டுகளில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தன. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் 2024-ல் துணைவேந்தர் ராஜினாமா செய்தார். அந்த ஆண்டு அங்கே சம்பளமே கிடைக்காமல் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

இப்படி நாற்காலி காலியாகும்போது கன்வீனர் கமிட்டி அமைப்பார்கள். உயர்கல்வித்துறை செயலாளரோடு சிண்டிகேட் உறுப்பினர்கள் சிலரும் அதில் இருப்பார்கள். அதுவரை கூட்டத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனவர் கையில் திடீரென்று பைல் வந்து சேரும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் தேர்தலில் யார் ஜெயித்தார் என்பதன் மதிப்பு அப்போதுதான் தெரிகிறது.

பெத்தவங்க என்ன செய்யலாம்? மார்க் ஷீட்டில் பிழை என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நெல்லைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பஸ் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் உள்ளூர்க் கல்லூரியில் விசாரித்துப் பார்க்கலாம், செனட்டிலும் சிண்டிகேட்டிலும் இருக்கிற ஆசிரியர் யார் என்று. பிள்ளை படிக்கிற டிபார்ட்மெண்ட்டிலேயே இருந்தாலும் இருப்பார். கட்டண உயர்வு எந்தக் கூட்டத்தில் முடிவானது, யாராவது ஆட்சேபித்தார்களா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதித் தபாலில் போட்டால் 30 நாளில் பதில் தரணும்.