74 நாட்கள்: குண்டு போட்டது ஜப்பான், கம்பி வேலிக்குள் போனது யார்?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சிடலாம். முழுசா படிச்சிட்டு கமெண்ட் போடுங்க.

ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஓக்லாந்து நகரம். ஒரு மளிகைக் கடை. கடை முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு: "நான் ஒரு அமெரிக்கன்". 1942 மார்ச்சில் டோரதியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படம் இது.

கடைக்காரர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல படிச்சவர். ஜப்பானிய வம்சாவளி. பேர்ல் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்ட மறுநாளே இந்த போர்டை மாட்டிட்டார். போட்டோ எடுக்கும்போது கடையை மூடியாச்சு. கொஞ்ச நாள்ல அவரும் முகாமுக்குப் போயிட்டார்.

சொந்தக் கடை வாசல்ல "நான் இந்த நாட்டுக்காரன்தான்"னு ஒருத்தர் போர்டு மாட்டுற நிலைமை ஏன் வந்தது? மாட்டியும் ஏன் யாரும் நம்பல? அதைத்தான் பேசப்போறோம்.

தாக்குதல் உண்மை, கோபமும் நியாயம்

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன். ஹவாய் தீவில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளம். போர் அறிவிப்பு எதுவும் இல்லாமல், ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 350-க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து தாக்கின. 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அரிசோனா என்ற ஒரே கப்பலில் மட்டும் 1,177 பேர்.

இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா சிறுபான்மை பத்தி பேசினாலே "செத்தவங்களைப் பத்தி கவலை இல்லையா?"ன்னு கேட்க ஒரு கூட்டம் ரெடியா இருக்கும். கவலை இருக்கு. மறுநாளே அமெரிக்கா போர் அறிவித்ததும் நியாயம்தான். கேள்வி அது இல்லை. குண்டு போட்டது ஜப்பான் அரசு. தண்டனை யாருக்குப் போச்சு?

அந்த 74 நாள்

பல பேர் நினைக்கிறது இதுதான்: தாக்குதல் நடந்தது, மக்கள் பயந்தாங்க, அந்தப் பதற்றத்துல அரசு அவசரமா ஒரு தப்பு பண்ணிடுச்சு.

அப்படி இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட் நிர்வாக ஆணை 9066-ல் கையெழுத்துப் போட்டது 1942 பிப்ரவரி 19-ல். தாக்குதல் நடந்து 74 நாள் கழிச்சு. ஆரம்பத்துல சில கலிபோர்னியா பத்திரிகைகளே "இவங்கள்ல பல பேர் நல்ல அமெரிக்கர்கள், நிதானமா இருங்க"ன்னு எழுதின. அந்த 74 நாள்லதான் பயம் வளர்ந்தது. சரியா சொன்னா, வளர்க்கப்பட்டது.

யார் வளர்த்தாங்க?

முதல்ல வதந்தி. ஹவாயில் உள்ளூர் ஜப்பானியர்கள் எதிரிக்கு உதவினாங்கன்னு கடற்படை அமைச்சர் ஃபிராங்க் நாக்ஸே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஆதாரம் கிடையாது. ஆனா அமைச்சர் சொன்னா தலைப்புச் செய்திதானே.

அடுத்து காசு. மேற்குக் கடற்கரையில காய்கறி, ஸ்ட்ராபெர்ரி சாகுபடியில ஜப்பானியக் குடும்பங்கள் பெரிய ஆளுங்க. சலினாஸ் பகுதி வெள்ளை விவசாயிகள் சங்கத்தின் நிர்வாகி ஒருத்தர் பத்திரிகைப் பேட்டியிலேயே உடைச்சுச் சொல்லிட்டார்: ஆமா, சுயநலத்துக்காகத்தான் இவங்களை வெளியேத்தச் சொல்றோம்னு. தேசபக்தி போர்டு வெளியே தொங்கும், உள்ளே நில வியாபாரம் நடக்கும். நமக்குத் தெரியாத கதையா?

மூணாவது, மேற்குக் கடற்கரை ராணுவத் தளபதி ஜான் டிவிட். அவர் கொடுத்த வாதத்தைக் கேளுங்க: இதுவரை ஒரு நாசவேலைகூட நடக்கலை, அதுவே இனிமே நடக்கும் என்பதற்கு அறிகுறி! நான் இன்ஜினியரிங் படிச்சவன். இப்படி ஒரு புரோகிராம் எழுதினா லேப்லேயே வெளியே அனுப்பிடுவாங்க. இன்புட் என்ன கொடுத்தாலும் அவுட்புட் "குற்றவாளி" மட்டும்தான் வருது.

உண்மை அரசுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ரூஸ்வெல்ட்டுக்காக ரகசியமாக விசாரித்த கர்டிஸ் மன்சன், தாக்குதலுக்கு முன்பே "பெரும்பாலானவர்கள் விசுவாசமானவர்கள்" என்று அறிக்கை கொடுத்திருந்தார். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், கூண்டோடு வெளியேற்றுவது தேவையில்லை என்றார். சட்ட அமைச்சர் பிடிலும் எதிர்த்தார். எல்லாம் ஃபைல்ல இருந்தது. ஃபைல் தோத்தது, வதந்தி ஜெயிச்சது.

கையில் தூக்க முடிந்தது மட்டும்

சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மிச்சம் இருந்த பெரியவங்க ஏன் குடியுரிமை வாங்கலன்னு கேட்கலாம். வாங்க சட்டம் விடலை. வெள்ளையர் இல்லை என்று சொல்லி 1922-ல் உச்ச நீதிமன்றம் ஜப்பானியருக்கு மறுத்தது. சில மாசத்துல, 1923-ல், பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திண்டுக்கும் அதே கோர்ட் குடியுரிமை இல்லைன்னுடுச்சு. குடியுரிமை கொடுக்க மாட்டோம், அப்புறம் "நீ குடிமகன் இல்லையே"ன்னு சந்தேகப்படுவோம்.

ஆணையில் "ஜப்பானியர்" என்ற வார்த்தையே கிடையாது. ராணுவம் குறிப்பிடும் பகுதியிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம், அவ்வளவுதான். வார்த்தையில பொதுவான சட்டம், அமல்ல ஒரே சமூகம். ஜெர்மனியோடும் இத்தாலியோடும்கூட அமெரிக்காவுக்குப் போர்தான். அந்த வம்சாவளியில் தனித்தனி ஆட்களைத்தான் பிடித்தார்கள். கூண்டோடு தூக்கியது ஜப்பானிய முகங்களை மட்டும்.

கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீடு, கடை, வயல், கார், வளர்த்த நாய் எல்லாம் வந்த விலைக்குப் போச்சு, இல்லேன்னா அப்படியே விட்டுட்டுப் போனாங்க. முகாம்கள் கட்டி முடியும் வரை பல குடும்பங்களைத் தங்க வைத்தது சான்டா அனிட்டா போன்ற குதிரைப் பந்தய மைதானங்களின் லாயங்களில். அப்புறம் பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலும் பத்து முகாம்கள். முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. மன்சனார் முகாமில் அனாதைக் குழந்தைகளுக்குன்னே தனிப் பகுதி. அனாதைக் குழந்தை எந்த நாட்டுக்கு உளவு சொல்லும்?

ஐ.டி. அணியில இருக்கிற நமக்கு இன்னொரு விஷயம் முக்கியம். எந்தத் தெருவில் எத்தனை பேர் இருக்காங்கன்னு ராணுவத்துக்கு எப்படித் தெரிஞ்சது? 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பகுதிவாரியான எண்ணிக்கையை அந்தத் துறை எடுத்துக் கொடுத்தது. தனிநபர் விவரங்களும் சில கொடுக்கப்பட்டன என்பதை ஆய்வாளர்கள் 2007-ல் வெளியே கொண்டு வந்தார்கள். ரகசியம்னு சொல்லி வாங்கின டேட்டா. அரசு நம்மகிட்ட எந்த விவரம் கேட்டாலும், "நாளைக்கு இதை யார், எதுக்கு எடுப்பாங்க?"ன்னு நாம திருப்பிக் கேட்கிறது இதனாலதான்.

குண்டு விழுந்த ஊரில் என்ன நடந்தது?

இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான்.

குண்டு விழுந்தது ஹவாயில். எதிரிக்குப் பக்கத்தில் இருந்ததும் ஹவாய்தான். அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். பாதுகாப்புதான் காரணம்னா, முதல்ல அங்கேதானே எல்லாரையும் பிடிச்சிருக்கணும்?

பிடிக்கலை. அங்கே ராணுவச் சட்டம் இருந்தது, கெடுபிடி இருந்தது, சுமார் இரண்டாயிரம் பேரைக் காவலில் வைத்தார்கள். ஆனால் ஒரு சமூகத்தையே முகாமுக்கு அனுப்பவில்லை. அங்கிருந்த ராணுவ கவர்னர் டெலோஸ் எம்மன்ஸ் மேலிடத்து அழுத்தத்தை இழுத்தடித்தார். காரணம் எளிது. தச்சர், துறைமுகத் தொழிலாளி, தோட்டத் தொழிலாளி எல்லாம் அவங்கதான். அவங்களைப் பூட்டினா தீவே நின்னு போயிடும்.

சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி இருந்த கலிபோர்னியாவில்? நூறு பேருக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஓட்டு பலம் இல்லை. அங்கே கடைசிக் குழந்தை வரை பிடிச்சாங்க.

ஹவாயில் அவங்களை விட்டு வெச்சதால நாடு கவிழ்ந்ததா? இல்லை. அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். முகாம்களிலிருந்தும் சேர்ந்தார்கள். அப்பா அம்மா முள்வேலிக்குள்ளே, பிள்ளை அதே நாட்டுக்காகப் போர்க்களத்துல. அவர்களுடைய 442-வது படைப்பிரிவு, அதன் அளவுக்கு அமெரிக்க வரலாற்றிலேயே அதிக விருது பெற்ற பிரிவுகளில் ஒன்று. அதில் இருந்த டேனியல் இனோயே இத்தாலியில் வலது கையை இழந்தார். பின்னாளில் ஹவாயின் செனட்டர் ஆனவர். சீருடையோடு, ஒரு கை இல்லாமல் ஊர் திரும்பும் வழியில், ஒரு சலூனில் "ஜப்பானியனுக்கு முடி வெட்ட மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

தலைவர்கள் என்ன பண்ணாங்க?

இது நம்ம மாதிரி அரசியல்ல இருக்கிறவங்களுக்கான பகுதி.

கலிபோர்னியாவின் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன் வெளியேற்றத்தை ஆதரித்தார். அதே வருஷம் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். பின்னாளில் தலைமை நீதிபதியாகி, 1954-ல் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கதவைத் திறந்த தீர்ப்பை எழுதியவரும் இவரேதான். முற்போக்கான மனுஷன். ஆனா அந்த 74 நாள்ல சறுக்கிட்டார். வருத்தத்தைத் தன் நினைவுக் குறிப்பில்தான் சொன்னார்.

கொலராடோ கவர்னர் ரால்ஃப் கார், "இவர்களும் அமெரிக்கக் குடிமக்கள், என் மாநிலத்துக்கு வரலாம்" என்று நின்றார். அதே வருஷம் செனட் தேர்தலில் தோற்றார். இன்னிக்கு கொலராடோவின் நீதித்துறை வளாகத்துக்கே அவர் பெயர்தான்.

கோர்ட்டாவது காப்பாத்துச்சா? ஃப்ரெட் கொரேமட்சு என்ற வெல்டர் வெளியேற மறுத்து வழக்கு நடத்தினார். 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசு பக்கம் நின்றது. அரசு தனக்கு எதிரான ஆதாரங்களை மறைத்தது அம்பலமாகி, 1983-லதான் அவர் மீதான தண்டனை ரத்தானது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம்.

நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு மூன்று காரணங்களைச் சொன்னது: இன வெறுப்பு, போர் வெறி, அரசியல் தலைமையின் தோல்வி. மேற்குக் கடற்கரையில் இந்த மக்கள் செய்ததாக ஒரு உளவு, ஒரு நாசவேலைகூட நிரூபணம் ஆகவில்லை என்றும் பதிவு செய்தது. 1988-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர். வயலை இழந்த அப்பாக்கள்ல எத்தனையோ பேர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க.

அமெரிக்காவைத் திட்டிட்டுப் போயிட முடியாது

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. 1962 அக்டோபர் 20, சீனா தாக்கியது. அசாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கம் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளி மக்கள் சுமார் 3,000 பேரை, ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பல பேர் இந்தியாவிலேயே பிறந்தவங்க. போர் நடந்தது ஒரு மாசம். சில குடும்பங்கள் உள்ளே இருந்தது நாலைந்து வருஷம். இந்திய அரசு இன்னிக்கு வரைக்கும் மன்னிப்புக் கேட்கலை. நம்ம பாடப்புத்தகத்துல நான் இதைப் படிச்சதும் இல்லை.

கடைசியா என்னைப் பத்தி ஒண்ணு. 2019 பிப்ரவரி, புல்வாமா தாக்குதல். 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் உயிரிழந்தார்கள், அதில் இரண்டு பேர் நம்ம தமிழ்நாடு. அப்போ நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். அன்னிக்கு ராத்திரி வந்த கோபத்துல, காஷ்மீரிகளைப் பத்தி வந்த ஒரு ஃபார்வர்டை கிளாஸ் குரூப்ல அப்படியே தட்டிவிட்டேன். அந்த குரூப்ல ஒரு காஷ்மீர் பையனும் இருந்தான். ஸ்காலர்ஷிப்ல வந்து படிச்சவன். அவன் எதுவும் பதில் போடலை. மூணு நாள் மெஸ்ஸுக்கு வரலை. நாலாவது நாள் வந்தான். தனியா உட்கார்ந்து சாப்பிட்டான். நான் போய்ப் பேசலை.

அவனை யாரும் அடிக்கலை. யாரும் எதுவும் பண்ணலை. ஆனா அந்த மெஸ் டேபிள்ல அவன் கழுத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்டு தொங்குச்சு. மாட்டிவிட்டது நான்தான். இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

அதனால ஐ.டி. அணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தாக்குதல் நடக்கும்போது நம்ம கையிலயும் ஒரு 74 நாள் இருக்கும். அஞ்சலி செலுத்துங்க. குற்றவாளியைப் பிடிக்கச் சொல்லி அரசை நெருக்குங்க. உளவுத்துறை எங்கே கோட்டை விட்டதுன்னு கேளுங்க. ஆனா ஒரு சமூகத்தோட பேரைச் சொல்லி வர்ற கார்டை மட்டும் டிசைன் பண்ணாதீங்க, ஃபார்வர்டு பண்ணாதீங்க. நம்ம கட்சிக்காரரே அனுப்பினாலும் சரி, அன்னிக்கு அது எவ்வளவு லைக் வாங்கினாலும் சரி. அதோட, அந்தச் சமூகத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு அன்னிக்கே போன் போட்டு "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க.

இந்த நாட்டுல யாரும் தன் கடை வாசல்ல "நான் ஒரு இந்தியன்"னு போர்டு மாட்டுற நாள் வரக்கூடாது.

#வெறுப்பை_ஃபார்வர்டு_செய்யாதே
#எல்லோரும்_இந்நாட்டவரே

— தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்