டிராகன்ஸ் அணியில் யாரை எடுப்பது? யாரைக் கழட்டி விடுவது?

ஹாக்கி லீக் ஏலம் வருகிறது என்றால் போதும். எழும்பூர் டீக்கடை ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வுக் குழு கூடிவிடும்!

"வெளிநாட்டு ஆள் ரெண்டு பேரைக் கழட்டி விடு. அந்தக் காசுல நம்மூர்ப் பையன் நாலு பேரை வாங்கிப் போடு" என்பார் ஒருவர். "நம்மூர்ப் பையனை வச்சுக்கிட்டு பெனால்டி கார்னர் அடிச்சிடுவியாய்யா?" என்று மடக்குவார் இன்னொருவர். இரண்டிலும் விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு டிராகன்ஸ் நிர்வாகிகள் ஏல மேஜையில் உட்காருவதற்கு முன்னால் இந்தப் பேச்சைக் கொஞ்சம் காதில் போட்டுக் கொள்ள வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2017-க்குப் பிறகு நின்று போயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர் 28-ந் தேதி ரூர்கேலாவில் மறுபடி தொடங்கியது. அதற்காக அக்டோபரில் டில்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 வீரர்களை வாங்க வேண்டியிருந்தது. அதில் 16 பேர் இந்தியர். அந்தப் பதினாறில் 4 பேர் ஜூனியர். மீதி 8 இடம் வெளிநாட்டாருக்கு. இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்குத் தூக்கியது. டிராகன்ஸ் 54 லட்சம் கொடுத்து ஹாலந்து வீரர் ஜிப் யான்சனை வாங்கியது.

ஒரே ஆளுக்கு 54 லட்சமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

இன்றைய ஹாக்கியில் பெனால்டி கார்னர்தான் பாதி ஆட்டம். பின் கோட்டில் இருந்து ஒருவர் பந்தைத் தள்ளி விடுகிறார். வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துகிறார். மூன்றாமவர் மட்டையால் இழுத்து வீசுகிறார். ஓங்கி அடித்தால் அந்த முதல் அடி 46 சென்டிமீட்டர் பலகைக்கு மேலே போகக் கூடாது. போனால் கோல் கிடையாது. இழுத்து வீசும் 'டிராக் ஃபிளிக்'குக்கு அந்தத் தடை இல்லை. வலையின் மேல் மூலைக்கே அனுப்பலாம். கோல்கீப்பர் என்ன செய்வார், பாவம்! அப்படி வீசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அதனால்தான் அந்த விலை.

ஆகவே வீசுகிறவரை வெளியே அனுப்பச் சொல்வது புத்திசாலித்தனம் அல்ல. அவர் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சீசனிலும் ஒரு தமிழ்நாட்டு டிபென்டரை அவரிடம் சீடனாக ஒப்படைக்க வேண்டும். பயிற்சியில் தினமும் நூறு பந்து வீசட்டும். ஆட்டம் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் ஒரு கார்னரை அந்தப் பையனிடம் கொடுத்துப் பார்க்கட்டும். ஐம்பது லட்சத்துக்கு வாங்கிய வித்தை அவர் விமானம் ஏறும்போது கூடவே போய்விடலாமா?

எட்டு இடம் யாருக்கு?

அடுத்தது அந்த 8 வெளிநாட்டு இடங்கள். இதைப் பின்வரிசையிலும் நடுவரிசையிலும் செலவழிப்பதுதான் லாபம். அங்கேதான் நிதானமும் அனுபவமும் வேண்டும். முன்வரிசையை நம்மவர்களுக்கு விட்டு விடலாம். வட்டத்துக்குள் புகுந்து மட்டையைச் சுழற்றுவதில் நம் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல.

அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம். கோவில்பட்டியில் தயாரானவர். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, ஒன்பதாவது நிமிடத்தில் கோல் போட்டார். கடைசி நேரத்தில் பாகிஸ்தான் ஒன்றைத் திருப்பி 1-1 என்று ஆக்கியது வேறு கதை. 2023 ஆகஸ்டில் எழும்பூரிலேயே, நம் கண் முன்னால், மலேசியாவுக்கு எதிராக கோல் கணக்கைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். இந்தியா அன்று 5-0 என்று ஜெயித்தது. கார்த்தியை டிராகன்ஸ் வாங்கியது நல்ல காரியம். ஆனால் ஒரு கார்த்தியோடு திருப்திப்பட்டு விடலாமா?

கட்டாயமாக எடுக்க வேண்டிய 4 ஜூனியர்களில் குறைந்தது இரண்டு பேராவது தமிழ்நாட்டுப் பையன்களாக இருக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. களத்தில் இறக்க வேண்டும். கிரிக்கெட்டைப் போல பதினோரு பேரை அறிவித்துவிட்டு மற்றவர்களைத் தண்ணீர் தூக்க வைக்கும் ஆட்டம் அல்ல இது. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே வந்தவரே மறுபடி உள்ளே போகலாம். 15 நிமிடக் கால் பகுதியில் நாலைந்து நிமிடம் ஒரு பையனை விட்டுப் பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

முதல் சீசனில் டிராகன்ஸ் மோசமாக ஆடவில்லை. அரையிறுதி வரை போனார்கள். பெங்கால் டைகர்ஸுடன் சமமாக முடித்து, ஷூட்அவுட்டில் கோட்டை விட்டார்கள். மூன்றாவது இடத்துக்கான ஆட்டமும் சூர்மாவிடம் போயிற்று. பெங்கால் டைகர்ஸ் கோப்பையோடு ஊருக்குப் போனது.

ஷூட்அவுட் என்பது 8 விநாடி வேலை. 23 மீட்டர் கோட்டில் இருந்து பந்தோடு ஓடி, கீப்பரை ஏமாற்ற வேண்டும். இதற்குப் பெரிய பெயர் வேண்டாம். மணிக்கட்டு வேண்டும், துணிச்சல் வேண்டும். இந்த ஐந்து பேரை ஏலத்திலேயே மனதில் வைத்து எடுக்க வேண்டும். ஆட்டம் சமமாக முடிந்த பிறகு "யாரப்பா போறீங்க?" என்று கேட்கக் கூடாது.

பாசம் மட்டும் போதுமா?

ஆளை மாற்றினாலே துரோகம் என்று கூச்சல் போடுவதும் சரியல்ல. கனடாவின் எட்மன்டன் நகரத்தில் 1988-ல் ஒரு கூத்து நடந்தது. ஐஸ் ஹாக்கியின் மன்னன் வெய்ன் கிரெட்ஸ்கியை அணி முதலாளி லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து விட்டார். பதிலுக்கு வீரர்கள், வருங்காலத் தேர்வு உரிமைகள், அதற்கும் மேல் 1 கோடியே 50 லட்சம் டாலர் ரொக்கம்! ஊரே கொதித்தது. அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று பார்லிமென்ட் உறுப்பினர் ஒருவரே குரல் கொடுத்தார். என்ன ஆயிற்று? 1990-ல் மன்னன் இல்லாமலே எட்மன்டன் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. கிரெட்ஸ்கிக்கு அதற்குப் பிறகு அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. மிச்சம் இருந்த பையன்கள் ஏற்கெனவே அங்கே வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். அதுதான் அந்த அணியைக் காப்பாற்றியது.

சென்னைக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 2005-ல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் என்று ஒரு அணி இருந்தது. 2008-ஓடு அந்த லீக்கே மூட்டை கட்டியது. 2012-ல் உலகத் தொடர் ஹாக்கி என்று வந்தது. சென்னை சீட்டாஸ் என்று அணி. ஒரே சீசன், அதோடு சரி! பனியனும் பேனரும் பரணுக்குப் போயின. வெளிநாட்டு வீரர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள்.

டிராகன்ஸுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. வந்தாலும்கூட, பத்துப் பையன்கள் ஆட்டம் கற்றுக் கொண்டு இங்கேயே நிற்பார்களானால் ரயில்வேக்கும் பாங்கிக்கும் நல்ல ஆள் கிடைக்கும். இந்திய அணிக்கும் போவார்கள். விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் தலையெடுக்கும் குடும்பங்களில் இருந்து வருகிற பிள்ளைகள் இவர்கள். லீக்கில் ஆடிய பத்து நிமிடம், நேர்முகத் தேர்வில் பத்து சர்டிபிகேட்டுக்குச் சமம்.

தேர்வாளர்கள் கம்ப்யூட்டரில் புள்ளி விவரம் பார்ப்பதோடு நின்று விடாமல், எழும்பூரில் முருகப்பா தங்கக் கோப்பை நடக்கும்போது வந்து உட்கார வேண்டும். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் கோப்பை நடக்கும்போது அங்கேயும் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியில் நிற்கும்.