கண்ணாடிப் பெட்டிக் கிட்டார்

காலமானவருக்கு ஞாபகச் சின்னம் வைப்பதில் நமக்கு இருக்கிற உற்சாகம், அவர் செய்த காரியத்தைத் தொடர்வதில் இருப்பதில்லை. சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். அவர் படித்த புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். பழைய கிட்டார் விஷயமும் இப்படித்தான்.

வீட்டில் தகப்பனாரோ மாமாவோ நாற்பது வருஷம் வாசித்த கிட்டார் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நைலான் தந்தி பூட்டுகிற கிளாஸிக்கல் கிட்டார். வாங்கிய நாளிலேயே மலிவுச் சரக்கு. அவர் போய்விட்டார். உடனே இரண்டு கட்சிகள் கிளம்பும். "இதை ரிப்பேர் செய்கிற பணத்துக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாமே!" என்பது கணக்குப்பிள்ளைக் கட்சி. "பளபளவென்று பாலிஷ் போட்டு, பெயர் பொறித்து, கண்ணாடிப் பெட்டியில் வைப்போம்" என்பது பக்திக் கட்சி. இரண்டு பேரும் அந்த மனிதருக்கு அநியாயம் செய்கிறார்கள் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளையை முதலில் பார்ப்போம். மலிவு மரத்தில் நாதம் எப்படி வரும் என்கிறார். ஸ்பெயின் தேசத்து அந்தோனியோ தெ தோர்ரெஸ் 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். அதன் முதுகும் விலாவும் மரமே அல்ல, காகித அட்டை! மேற்பலகை மட்டும் நல்ல மரம். கிட்டாரின் குரல் பெரும்பாலும் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கவே அப்படிச் செய்தார் என்பார்கள். இன்றைய கிளாஸிக்கல் கிட்டாரின் உருவத்தையே வகுத்தவர் அவர். அந்த அட்டைக் கிட்டார் பார்ஸிலோனா இசை மியூசியத்தில் இருக்கிறது. ஆகவே, முதுகு ஒட்டுப்பலகை என்பதற்காக ஒரு வாத்தியத்தைத் தள்ளிவிடுவதில் நியாயம் இல்லை.

மலிவுக் கிட்டார்களைக் கெடுப்பது பெரும்பாலும் மரம் அல்ல, மனிதர்கள். சத்தம் அதிகம் வரும் என்று யாராவது எஃகுத் தந்தியைப் பூட்டியிருப்பார்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. எஃகு ஏறக்குறைய அதன் இரு மடங்கு இழுக்கும். குதிரை பெயர்ந்து வராமல் என்ன செய்யும்? மேற்பலகை வயிறு தள்ளும். உள்ளே விசிறிபோல் ஒட்டியிருக்கும் மெல்லிய சட்டங்கள் விட்டுக்கொள்ளும். அவற்றை ஒட்டி, குதிரையைப் பதித்து, தேய்ந்த மெட்டுகளைச் சரிசெய்து, முறுக்காணிகளை மாற்றி, மறுபடி நைலான் பூட்டினால் வேலை முடிந்தது. மேற்பலகையே நொறுங்கிப்போன கிட்டார்களும் உண்டு. அவற்றை என்னாலும் காப்பாற்ற முடியாது. மற்றவற்றுக்கு ஆகிற செலவு, கடையில் புதுக் கிட்டாரின் விலையைத் தாண்டினால் தாண்டட்டும். புதியதில் அவர் கை பட்டதில்லையே!

இனி பக்திக் கட்சி. இவர்கள்தான் அதிக ஆபத்தானவர்கள், ஏனென்றால் அன்போடு கெடுக்கிறார்கள். கிட்டாரின் மேற்பலகை இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான். அதன்மேல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து, கனமான வார்னிஷை ஏற்றினால் பலகை அதிர மறுக்கும். போகட்டும், ஒலித்துளையின் ஓரத்தில் அவர் நகம் வருஷக்கணக்கில் கீறிய வடுக்கள் இருந்தனவே, அவை எங்கே? உங்களிடம் மிஞ்சியிருந்த அவருடைய கையெழுத்து அதுதான். அதை அழித்துவிட்டுப் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டுகிறீர்கள்!

செகோவியாவின் கிட்டார் மியூசியத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1937-இல் ஹெர்மன் ஹௌஸர் அவருக்குச் செய்து கொடுத்தது, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கைவினைஞர்கள் உண்டு. அவர் வாசிப்பைக் கேட்க இசைத்தட்டுகளும் உண்டு. உங்கள் மாமாவுக்கு இசைத்தட்டு ஏது? அந்தப் பெட்டியைத் திறந்தால்தான் அவருக்குக் குரல்.

வேறொரு உதாரணம் சொல்கிறேன். டெல் அவீவ் நகரில் வயலின் பட்டறை வைத்திருந்தவர் அம்னோன் வைன்ஸ்டீன். 2024-இல் காலமானார். நாஜிகளின் முகாம்களிலும் சேரிகளிலும் அடைபட்ட யூதர்கள் வாசித்த வயலின்களைத் தேடித் தேடிப் பழுதுபார்த்தார். அவற்றில் பல, சந்தையில் பெரிய விலை போகாத சாதாரண வயலின்கள். துயரம் மிகுந்த அந்தப் பொருள்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிட அவருக்கு எவ்வளவோ காரணம் இருந்தது. ஆனால் கச்சேரிக்குத் தகுதியாக்கி வாசிக்கக் கொடுத்தார். 2008-இல் ஜெரூசலத்தில் அவை பலர் முன்னிலையில் ஒலித்தன. கொன்றவர்கள் வேண்டியது மௌனம். அதை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பது அந்தப் பட்டறையின் பதில்.

நம் வீட்டுக் கிட்டாருக்கு அத்தனை பெரிய சரித்திரம் வேண்டாம். சாயங்காலத்தில் ஒரு மனிதர் அதை மடியில் வைத்துக்கொண்டு தம் கவலையை மறந்தார் என்பது போதாதா? கண்ணாடிப் பெட்டி வந்ததும் வீட்டில் பிறக்கிற முதல் உத்தரவு, "தொடாதே!" என்பதுதான். அந்த உத்தரவு விழுவது பத்து வயதுப் பேத்தியின்மேல். நாளைக்கு அதை வாசிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளை விரட்டிவிட்டு யாருக்காக அதைக் காப்பாற்றுகிறோம்? பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தை ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். கிட்டாரை அவளிடம் கொடுங்கள்.