கணக்குப் போட்டால் குதூகலம் கெடுமா?

"வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளுக்காகப் போகிறோம், தீம் பார்க்கிலும் கணக்குப் பார்த்தால் சந்தோஷமே போய்விடும்" என்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. தர்க்கத்தில்தான் பிழை.

முதலாவது, கணக்கை அங்கே போய்ப் பார்க்கச் சொன்னது யார்? வரம்பை வீட்டிலேயே போட வேண்டும், பொம்மைக் கடை வாசலில் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது அல்ல.

இரண்டாவது, நுழைவுச்சீட்டு மட்டுமே செலவா? வொண்டர்லா தீம் பார்க்கில் சிறுவர் கட்டணத்தைத் தீர்மானிப்பது உயரம், 140 செ.மீ. தாண்டிய ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பெரியவர் கட்டணம். வீட்டில் அளந்து பார்த்தீர்களா? சீட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடை ஆகாது, கொண்டுபோகாதவர் அங்கேயே வாங்க வேண்டும். லாக்கர் வாடகை தனி. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். வரிசையில் நிற்க முடியாவிட்டால் ஃபாஸ்ட் டிராக் சீட்டு. இதில் எது எதிர்பாராத செலவு?

மூன்றாவது, வரம்பில்லாதவர்தான் பாசக்காரரா? இங்கே வரம்பில்லாமல் செலவழித்துவிட்டு ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பதும் அதே பிள்ளைக்காகத்தானே?

பிள்ளைக்குக் கணக்குப் புரியாது என்பதையும் ஏற்க மாட்டேன். 200 ரூபாயைக் கையில் கொடுத்து, "இன்றைக்கு இது உன் பங்கு" என்று சொல்லுங்கள். பொம்மையா, ஐஸ்கிரீமா என்று பிள்ளையே நின்று யோசிக்கும்.