பாறையும் வைரமும்: விளையாட்டுக்குள் ஒரு ப்ராஜெக்ட்

தி.நகரில் பொறியியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் விற்கும் கடைகள் இருப்பது ஊரறிந்த ரகசியம். பணம் கட்டினால் நிரல், அறிக்கை எல்லாம் தயாராகக் கிடைக்கும். நான்கு வருடப் படிப்பின் முடிவில் மாணவன் கற்றுக்கொள்வது பேரம் பேச மட்டும்தான்!

இதற்கு மாற்று, பலரும் நேரவிரயம் என்று ஒதுக்கும் கணினி விளையாட்டிலேயே இருக்கிறது. உதாரணம், 'ராக்ஸ் அண்ட் டயமண்ட்ஸ்'. ஹோல்கர் ஷெமல் 1995-ல் வெளியிட்ட திறந்த மூலநிரல் விளையாட்டு. இரண்டு பழைய விளையாட்டுகள் இதில் கலந்திருக்கின்றன. ஒன்று 1984-ல் வந்த 'போல்டர் டாஷ்': மண்ணைத் தோண்டி வைரம் பொறுக்க வேண்டும், தலையில் பாறை விழாமல் ஓட வேண்டும். மற்றொன்று 1982-ல் ஜப்பானில் வெளியான 'சொகோபான்': கிடங்கில் பெட்டிகளைத் தள்ளி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் மாட்டினால் கதை முடிந்தது. முன்னதற்கு வேகம் வேண்டும், பின்னதற்கு நிதானம்.

பாறை எப்படி விழுகிறது? ஒவ்வொரு கட்டமும் தனக்குக் கீழே காலியா என்று பார்க்கிறது. காலி என்றால் விழுகிறது. கீழே இன்னொரு பாறை இருந்து, பக்கவாட்டிலும் அதற்குக் கீழும் இடமிருந்தால் உருள்கிறது. அவ்வளவுதான். இரண்டு மூன்று 'இஃப்' வரிகளில் ஒரு சுரங்கமே சரிகிறது! நிரல் சி மொழியில்தான் இருக்கிறது, முதலாண்டிலேயே படித்த மொழி. புதிய கட்டங்களை வடிவமைக்கும் வசதியும் விளையாட்டுக்குள்ளேயே உண்டு.

'விளையாட்டெல்லாம் ஒரு ப்ராஜெக்டா?' என்று தேர்வாளர் கேட்கலாம். சொகோபானைத் தீர்ப்பது கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று என்று 1997-ல் ஜோசப் கல்பர்சன் நிரூபித்தார். சிறிய கட்டங்களையாவது தானாகத் தீர்க்கும் நிரலை எழுதிக் காட்டினால் எந்தத் தேர்வாளரும் சிரிக்க மாட்டார்.

அடுத்தவர் நிரலை எடுப்பதும் காப்பிதானே என்று கேட்கலாம். இல்லை. இந்த விளையாட்டின் ஜிபிஎல் உரிமம் படிக்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கிறது. மாற்றியதைப் பகிரும்போது மூல ஆசிரியர் பெயரை அழிக்கக் கூடாது, மூலநிரலையும் தர வேண்டும். கடையில் வாங்கும் ப்ராஜெக்டில் எழுதியவன் பெயரே இருக்காது. வித்தியாசம் இங்கேதான்.

வழிகாட்ட ஆளில்லை என்பதும் சாக்குதான். சென்னை லினக்ஸ் பயனர் குழு 2000-களில் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை கூடியது அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில். கட்டணம் கிடையாது. யாரும் போகலாம், கேட்கலாம். மயிலாப்பூரிலிருந்து ஒரு பஸ் தூரம். ஆனாலும் தி.நகர் கடைகளில்தான் கூட்டம்.

கல்லூரிகள் ஒன்று செய்யலாம். புதிதாக எதையோ கண்டுபிடித்ததாக நடிக்கச் சொல்வதை விட்டு, இருக்கும் ஒரு திறந்த நிரலில் ஒரு பிழையைத் திருத்தினாலே மதிப்பெண் என்று அறிவிக்கலாம். சின்ன வேலைதான். ஆனால் சொந்த வேலை.