ஆப்பிளுக்கும் அதே பதம்தான்



மதுரையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகள், பேத்தியை அழைத்துக்கொண்டு கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறாராம். பேத்திக்குப் பாட்டி வீட்டுப் பலகாரம் எதுவும் பிடிக்கவில்லை. குச்சியில் செருகி, மேலே சிவப்பாகக் கண்ணாடி போல மின்னும் 'கேண்டி ஆப்பிள்'தான் வேண்டுமாம். பாட்டிக்கு அதிரசம் தெரியும், கடலை மிட்டாய் தெரியும், ஊரில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் பருப்புத் தேங்காய் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இந்த ஆப்பிள்தான் தெரியவில்லை, செய்முறை போடக் கூடாதா என்று கேட்கிறார்.

அம்மா, பருப்புத் தேங்காய்க்குப் பாகு காய்ச்சிய கைக்கு இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும் என்பீர்களே, அந்தப் பதம்தான் ஆப்பிளுக்கும். அடுப்படி வேலையில் பாதி உங்களுக்குத் தெரிந்ததே. மீதிப் பாதி ஆப்பிளைப் பற்றியதும் ஈரத்தைப் பற்றியதும். அதை இந்தப் பக்கத்திலேயே நான் எழுதுகிறேன் என்று சமையல் பகுதிக்காரர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் பக்கத்தில் செய்முறையா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்திக்குச் சொல்ல முதலில் ஒரு கதை. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து நியூவர்க் நகரில் வில்லியம் கோல்ப் என்று ஒரு மிட்டாய் வியாபாரி. 1908-ல் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகப் பட்டை மணக்கும் சிவப்பு மிட்டாய் காய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பாகில் சில ஆப்பிள்களை முக்கிக் கடை முகப்பில் அழகுக்கு வைத்தாராம். மிட்டாய் வாங்க வந்தவர்கள் ஆப்பிளைக் கேட்டார்கள். ஒன்று 5 சென்ட் என்று விற்றுத் தீர்ந்தது. பிறகு நியூஜெர்சிக் கடற்கரை, சர்க்கஸ் கூடாரம், ஊர்ச் சந்தை என்று பரவி, இப்போது அக்டோபர் மாத ஹாலோவீனில் அது இல்லாமல் முடியாது என்ற அளவுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் நவம்பர் 5-ம் தேதி இரவு தீ மூட்டி வாணம் விடும்போது இதையே 'டாஃபி ஆப்பிள்' என்று தின்பார்கள். அது பெரும்பாலும் பழுப்புச் சர்க்கரை நிறத்தில் இருக்கும். கோல்புக்கு வெகுகாலம் முன்பே வட சீனத்தில் ஹாதார்ன் என்கிற புளிப்பான சிறு பழங்களைக் குச்சியில் கோத்துப் பாகில் முக்கி, 'தங்ஹுலு' என்று குளிர்காலத் தெருக்களில் விற்றுவந்தார்கள். ஆக, பழத்துக்குப் பாகுச் சட்டை போடும் யோசனை நியூவர்க்கில் பிறந்தது என்று யாராவது சொன்னால் முழுக்க நம்ப வேண்டாம். சிவப்புச் சாயம் வேண்டுமானால் கோல்ப் தந்தது.

இன்னொன்றும் உண்டு, கேரமல் ஆப்பிள். பாலும் வெண்ணெயும் சேர்ந்த மெத்தென்ற பழுப்புப் பூச்சு. பேத்தி கேட்பது அதுவல்ல, கடித்தால் நொறுங்குவது.

இனி பாகு. 6 சிறிய ஆப்பிளுக்கு 2 கப் சர்க்கரை, முக்கால் கப் தண்ணீர், அரை கப் லிக்விட் குளுக்கோஸ். அடி கனமான, சற்று ஆழமான பாத்திரம். மிதமான தீயில் வைத்துச் சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கரண்டியை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், வெள்ளைச் சர்க்கரைக்குத் திரும்பவும் மணியாகிவிட வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. கொதிக்கும்போது கிளறினாலோ, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சிட்டிகைச் சர்க்கரை உள்ளே விழுந்தாலோ அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் பூத்து வெளுத்துப்போகும். இதைத் தடுக்கத்தான் குளுக்கோஸ். வேறு வகைச் சர்க்கரை நடுவில் புகுந்தால் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடுக்கிக்கொள்ள முடியாது. லிக்விட் குளுக்கோஸ் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளிப்பு, கொதிக்கும் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழிகிறோமே, காரணம் இதுதான். வெல்லத்தில் இந்தச் சர்க்கரைகள் இயல்பாகவே கலந்திருப்பதால் வெல்லப் பாகு அவ்வளவு எளிதில் பூக்காது. கொதி வந்தவுடன் இரண்டு நிமிடம் தட்டுப் போட்டு மூடிவைத்தால் ஆவியே ஓரத்துச் சர்க்கரையைக் கழுவி இறக்கிவிடும். பிறகு மூடியை எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பாகிலிருந்து நீர் போகப் போகக் கொதிநிலை ஏறுகிறது. பாகில் எவ்வளவு நீர் மிச்சம் என்பதைத்தான் வெப்பமானி உண்மையில் சொல்கிறது. 112 முதல் 116 டிகிரிவரை, தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும், அதிரசத்துக்கு எடுப்போமே அப்படி. அப்போது பாகில் நூற்றில் 15 பங்கு நீர் இருக்கும். 150 டிகிரிக்குப் போகும்போது 1 பங்குதான் மிச்சம். தண்ணீரில் விட்ட சொட்டு நூலாக விறைத்து, 'பட்'டென்று முறியும். கடித்தால் பல்லில் ஒட்டாது. நமக்கு வேண்டியது இது. ஒட்டினால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள், அடுப்பில் விடுங்கள்.

தொடக்கத்தில் பாகு சோம்பேறி, வெகுநேரம் 110-ஐச் சுற்றியே நிற்கும். 130-ஐத் தாண்டியபின் விறுவிறுவென்று ஏறும். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தால் போய்த் திறக்காதீர்கள். 160-ஐத் தாண்டினால் நிறம் மாறும், அப்புறம் கசப்பு. கனமான பாத்திரம் இறக்கியபின்னும் சூட்டை விடாது என்பதால், முறியும் பதம் வந்த கணமே அடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாத கட்டமும் இதுதான். வெந்நீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஆப்பிளைத் துடைப்பது, குச்சி செருகுவது, தட்டில் நெய் தடவுவது என்று பேத்திக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

ஆப்பிளில் சிக்கல் மெழுகு. கடையில் பளபளக்கும் பழத்தின் மேல், சட்டம் அனுமதிக்கும் மெழுகுதான் என்றாலும், ஒரு பூச்சு இருக்கும். அதன் மேல் பாகு நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். கொஞ்சம் வினிகர் கலந்த வெந்நீரில் சில விநாடி முக்கி எடுத்து, சொரசொரப்பான துண்டால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்புப் போய்விடும். அதன்பின் ஒரு மணி நேரமாவது காற்றில் உலர விடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முக்கக் கூடாது. குளிர்ந்த தோலில் வியர்க்கும், அந்த ஈரத்தில் பாகு குமிழ் விட்டு உரிந்து வரும்.

எந்த ஆப்பிள்? இமாசலத்து 'டெலிசியஸ்' வகைகள்தான் நம் சந்தையில் அதிகம். பிலடெல்பியாவில் பிறந்து இந்தியாவிலேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ல் கோட்கட் மலையில் நட்ட அமெரிக்கக் கன்றுகளிலிருந்து பரவிய இனம் அது. பேத்தியின் ஊர்ப் பழம் நூறாண்டுக்கு முன்பே இங்கு வந்துவிட்டது என்று அவளிடம் சொல்லலாம். ஆனால் இந்த வேலைக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. தித்திப்புக்கு மேல் தித்திப்பு. குளிர்பதனக் கிடங்கில் நாள்பட்டது என்றால் உள்ளே மாவாக இருக்கும். பச்சை நிற 'கிரானி ஸ்மித்' வாங்குங்கள், அதன் புளிப்புதான் பாகைத் தாங்கும். பச்சையைப் பார்த்துப் பேத்தி முகம் கோணினால், சின்னதாக, கெட்டியாக, சிவப்பாகக் கிடைக்கும் 'காலா' போதும். பெரிய பழம் வேண்டவே வேண்டாம். குழந்தையால் பாதிகூடத் தின்ன முடியாது, பாரம் தாங்காமல் குச்சியும் சாயும்.

சிவப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். பொட்டலத்தில் அள்ளிக் கொடுக்கும் பெயரில்லாத கலர்ப் பொடியை வீட்டுக்குள் விடாதீர்கள். உணவுக்கென்று முத்திரையோடு விற்கும் சிவப்பு, சில துளி போதும். பீட்ரூட் சாறு விடலாமே என்பவர்களுக்கு: அந்த நிறம் 150 டிகிரியைத் தாங்காது. என்னைக் கேட்டால் சாயமே தேவையில்லை. சிவப்பு ஆப்பிளின் மேல் தெளிந்த பாகு படிந்தால் பழத்தின் நிறமே எடுப்பாகத் தெரியும். கோல்ப் போலப் பட்டை வாசம் வேண்டுமென்றால், பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும் பட்டை எசென்ஸை இறக்கியபின் இரண்டு சொட்டு விடலாம்.

முக்குவது நிமிட வேலை. காம்பைக் கிள்ளிவிட்டு அந்த இடத்தில் குல்ஃபிக் குச்சி போன்ற தடித்த குச்சியை முக்கால் பழம்வரை செருகியிருக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பழத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கி, மிச்சப் பாகு வழிந்து நிற்கும்வரை பொறுத்து, நெய் தடவிய தட்டில் வையுங்கள். பொறுக்காமல் வைத்தால் அடியில் தடித்த பாகுத் தட்டு சேர்ந்து, கடிக்கிறவரின் பல்லைப் பதம் பார்க்கும். நடுவில் பாகு இறுகினால் சிறு தீயில் இளக்கிக்கொள்ளலாம். கடைசியில் பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பிக் கொதிக்க வையுங்கள், தானே கரைந்துவிடும். பாத்திரம் தேய்க்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

நம் ஊரில் இதற்கு உண்மையான எதிரி காற்று. இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீரைப் பாகு காற்றிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வட சீனத்தின் வறண்ட குளிரில் தங்ஹுலு நாள் முழுக்க மொறுமொறுப்பாகத் தெருவில் நிற்கும். சென்னையில் கடற்காற்று இறங்கினால் சிறிது நேரத்தில் பிசுபிசுத்துவிடும். ஆனி, ஆடியில் வறண்ட மேல்காற்று வீசும் மதுரைப் பக்கத்துக்குக் கவலை குறைவு. சென்னைக்காரர்கள் கடற்காற்று வருவதற்குள், முற்பகலில் முடித்துவிடுங்கள். சாரல் விழும் தென்காசிக்காரர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு மாசிக்குக் காத்திருக்கலாம். செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து நமத்துவிடும்.

வெளியே வைத்துப் பல நாள் தின்னவும் கூடாது. 2014-ல் அமெரிக்காவில் கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் 12 மாநிலங்களில் 35 பேர் லிஸ்டீரியா கிருமித் தொற்றுக்கு ஆளானார்கள், உயிரிழப்பும் ஏற்பட்டது. குச்சி செருகிய துளையில் கசியும் சாறு தோலுக்கும் பூச்சுக்கும் நடுவில் தங்கி, அறைச் சூட்டில் கிருமிக்கு இடம் கொடுத்தது என்று பின்னால் நடந்த சோதனைகள் காட்டின. நன்றாகக் கழுவிய பழம், சுத்தமான குச்சி, செய்த அன்றே தின்று முடிப்பது. வீட்டில் செய்யும் நமக்கு இது போதும். சின்னக் குழந்தைக்கு முழுசாகக் கையில் கொடுக்காமல் கனமான கத்தியால் துண்டு போட்டுக் கொடுங்கள். கம்பி கட்டிய பல்லுள்ளவர்கள் வேடிக்கை பார்க்கட்டும்.

மதுரை அம்மா, இந்த இதழ் கைக்கு வரும்போது பேத்தி ஊரில்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெப்பமானி இல்லாமல் பாகு பதம் பார்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுங்கள். மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பலகாரத்துக்கு எப்படிப் பதம் பார்ப்பார்கள் என்று ஊர்ப் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். தீபாவளி இதழில் அவற்றுக்கென்றே சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்