நெருப்புக்குத் தனி மூச்சு



இங்கே மார்கழி பிறந்துவிட்டது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் வாசகர்களுக்கோ மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் காலம். பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரைக்கு அங்கிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே கேள்வியைக் கேட்டன: அதெல்லாம் சரி, குளிர்காலத்தில் அதற்குள் எப்படித் தூங்குவது?

நியாயமான கேள்விதான். 1950-இல் உற்பத்தி தொடங்கிய அந்த வேனுக்கு இன்ஜின் பின்பக்கம், காற்றிலேயே குளிர்வது. ரேடியேட்டர் இல்லாததால் மற்ற கார்களைப் போல வெந்நீரை ஓடவிட்டு உள்ளே சூடேற்ற வழியில்லை. எனவே புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டார்கள். இன்ஜினின் விசிறி அதற்குள் காற்றைத் தள்ளும். சூடேறிய காற்று வண்டிக்கு அடியில் நீளக் குழாய் வழியே முன்பக்கம் வந்து சேருவதற்குள் பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும். அது வெறும் தொல்லை. உறைக்குள் இருக்கும் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால்தான் ஆபத்து. சூட்டோடு புகையும் உள்ளே வரும். ஐம்பது வயதான இரும்பை ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் அந்த ஹீட்டரைத் திறக்காதீர்கள். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கும் யோசனையே வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்குவதால் ஜலதோஷம் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். இது குளிர்நாட்டுக் கதை மட்டுமல்ல. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

ஆகவே எந்த ஹீட்டரை வாங்கப் போனாலும் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்த நெருப்பு யாருடைய காற்றை இழுக்கிறது? சமையல் கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஹீட்டர், கரிக் கணப்பு எல்லாமே நீங்கள் சுவாசிக்கும் காற்றை இழுத்து, கழிவை உங்களிடமே விடுகின்றன. அணைந்துவிட்டதுபோல் தெரியும் பார்பிக்யூ கரியை உள்ளே எடுத்து வைப்பது இவற்றில் மிக மோசம். வெபாஸ்டோ போன்ற டீசல் ஹீட்டர்களும், வண்டிகளுக்கென்றே செய்யப்படும் மூடிய அறை கேஸ் ஹீட்டர்களும் வேறு மாதிரி. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும். உள்ளே இருக்கும் காற்று சூடான உலோகத்தைத் தொட்டுத் திரும்புகிறது, அவ்வளவே. 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் மணிக்கு கால் லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும். பொருத்துகிற வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். புகைக்குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழே முடிந்தால் வாங்கியதன் பயனே போச்சு.

கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் பனி விழும் இரவில் சுடர் சோர்ந்துவிடுகிறது என்று ஹீட்டரைத் திட்டுகிறார்கள். பாவம், அது என்ன செய்யும்? சிலிண்டரில் பியூட்டேன் இருந்தால் சுழியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர்காலத்துக்கு அதையே கேட்டு வாங்குங்கள்.

முகாம்களில் மின்இணைப்பு கிடைத்தால் சின்ன மின்ஹீட்டர் போதும், நெருப்பே இல்லை. ஆனால் ஐரோப்பாவில் சில இடங்களில் 6 ஆம்பியர்தான் தருகிறார்கள். 230 வோல்ட்டில் அது 1,400 வாட்டுக்கும் குறைவு. 2,000 வாட் ஹீட்டரைப் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு நள்ளிரவில் டார்ச்சோடு அலைய வேண்டும்.

இனி ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் நீராவியாக வெளிவரும். அடுப்பைக் கொளுத்திக் குளிர்காய்ந்தவர்களின் ஜன்னலில் விடிகாலையில் நீர் வழிவது அதனால்தான். தூங்குகிறவர்களின் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்! ஆனால் நனைந்த போர்வையைவிடக் குளிரானது எதுவும் இல்லை. கண்ணாடிகளுக்கு உள்ளே வெப்பத்தடுப்புத் திரை மாட்டுங்கள். மேலே தூக்கும் கேன்வாஸ் கூரையைக் குளிர்காலத்தில் இறக்கியே வைத்து, கீழேயே படுங்கள். காலடியில் வெந்நீர்ப் பை ஒன்று. பாட்டி வைத்தியம்போல் இருக்கும். அதற்கு ஈடாக எந்தக் கருவியையும் நான் சொல்லமாட்டேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கும்போது கேரவன், படகு போன்றவற்றுக்கான இஎன் 50291-2 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பயணம் கிளம்புமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பழைய வேனில் பனிக்காலத்தைக் கழிக்கும் வாசகர்கள், மழையில் நனைந்த கோட்டை இரவில் எங்கே தொங்கவிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். தை இதழில் அதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்